அண்டா சமையலில் ஆபத்து எங்கே?



வீட்டுல அஞ்சு பேருக்கு வச்ச ரசம் கெட்டுப்போனா வேற ரசம் வச்சுக்கலாம். முந்நூறு பேருக்குச் சமைக்கிறவங்களுக்கு அந்த வசதி கிடையாது. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான் சமைக்கிறார்கள். நம் ரெட்டியார்பாளையத்திலும் வளைகாப்பு, காதுகுத்து ஆர்டர் எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இருப்பீர்கள். அதனால் பெரிய அடுப்பில் எது தவறுகிறது என்று தெரிந்துகொள்வோம்.

முதலில் தீ. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 பிள்ளைகள் கருகிப்போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். சத்துணவு சமைத்த இடத்தில் கீற்றுக் கூரையில் பிடித்த தீதான் வகுப்பறைக் கூரைக்குத் தாவியது. கீற்றுக்குக் கீழே, துணிப் பந்தலுக்குக் கீழே அடுப்பு மூட்டவே கூடாது. இடம் இல்லையென்றால் அந்த ஆர்டரே வேண்டாம்.

எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் என்ன செய்வோம்? பதறிப்போய் தண்ணி ஊத்துவோம். அதுதான் ஆபத்து! தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது, அடியில் போய்விடும். அங்கே இருக்கிற சூட்டில் ஆவியாகிச் சுமார் 1,600 மடங்கு விரியும்போது, எரிகிற எண்ணெயை நம் முகத்துக்கு வீசும். கேஸை மூடுங்கள், பெரிய தட்டைப் போட்டுச் சட்டியை மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். நைலான் சேலை உருகித் தோலோடு ஒட்டும், பருத்திச் சேலையே நல்லது. சுட்டுவிட்டால் மை, மாவு, பேஸ்ட் எதுவும் வேண்டாம், இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பெரிய காயம் என்றால் உடனே 108.

தீயாவது கண்ணுக்குத் தெரியும். பீகாரில் நடந்தது வேற மாதிரி. சாரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளி, 2013, அதே ஜூலை 16. எண்ணெய் சரியில்லை என்று சமையல் செய்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. தலைமை ஆசிரியையிடம் சொன்னதாகவும், சமைக்கச் சொல்லிவிட்டதாகவும் அப்போது செய்தி வந்தது. 23 பிள்ளைகள் இறந்தார்கள். அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட அந்த அம்மாவும் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எண்ணெயில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து. கொதிக்க வச்சா எல்லாம் சரியாயிடும் என்கிற பேச்சு பூச்சிமருந்துக்குப் பொருந்தாது. மருந்து வந்த டப்பாவைக் கழுவி எண்ணெய் ஊத்தி வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை ஓட்டை போட்டுத்தான் எறியணும்.

அந்த அம்மாவின் மூக்கு சரியாகத்தான் சொன்னது. ஆனால் நிறுத்தும் அதிகாரம் அவர் கையில் இல்லை. நம் குழுவில் இருக்கிறதா? ஆர்டர் கொடுத்தவர் சத்தம் போடுவார், நஷ்டம் தன் தலையில் விழும் என்று பயந்துதானே பேசாமல் இருந்துவிடுகிறோம்? அதனால் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டு நோட்டில் எழுதுங்கள்: பொருள் சரியில்லை என்று சமைக்கிறவர் நினைத்தால் யாரையும் கேட்காமல் அடுப்பை அணைக்கலாம், நஷ்டம் குழுக் கணக்கில். ஒரு டின் எண்ணெய் விலையைப் பன்னிரண்டு பேருக்குப் பிரித்தால் தலைக்கு எவ்வளவு வரும் என்பதையும் அங்கேயே கணக்குப் போட்டுப் பாருங்கள்.