காவலர்க்கு முன்னே செல்லும் கண்

அயல்வீட்டிலே கூக்குரல் கேட்டால் எட்டிப் பார்ப்பது அயலவர் கடமை. கூக்குரல் ஓய்ந்த பின்னும் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நிற்பது முறையன்று. உதவ வரும் கண்ணுக்கும் வேவு பார்க்கும் கண்ணுக்கும் இடையே எல்லையை எங்கே இடுவது? இவ்வினா இன்று அமெரிக்க நகரங்களிலே எழுந்துள்ளது. அங்கே எட்டிப் பார்ப்பவர் அயலவர் அல்லர். வானிலே பறந்து வரும் ஆளில்லா விமானமாகும்.

கலிபோர்ணியா மாநிலத்தின் தென்கோடியில், மெக்சிக்கோ எல்லைக்கு அணித்தாய், சூலா விஸ்ரா என்றொரு நகரம் உண்டு. இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் இந்நகரின் பொலிசார், 2018 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் ஒரு புதுமுறையைத் தொடங்கினர். ‘ட்ரோன்’ எனப்படும் சிறு விமானங்களைக் கட்டடக் கூரைகளில் ஆயத்தமாக வைத்திருப்பர். 911 என்னும் அவசர இலக்கத்துக்கு ஒருவர் முறையிட்டதும், தேவையெனக் காணின் விமானத்தை ஏவுவர். தெரு வளைவுகளும் வாகன நெருக்கடியும் அதற்குத் தடையாவதில்லை. பலவேளைகளில் பொலிஸ் வண்டிக்கு முன்னரே சென்றடைந்து, அங்குள்ள நிலையை அது படம் பிடித்துக் காட்டும். வண்டியில் விரையும் பொலிசார் தம் கைத்தொலைபேசியிலேயே அக்காட்சியைக் காண்பர்.

இதனால் விளையும் நன்மை சிறிதன்று. ஒருவர் துப்பாக்கியுடன் நிற்கிறார் என்று ஒருமுறை அழைப்பு வந்ததாம். விமானம் சென்று நோக்கியபோது, அவர் கையில் இருந்தது சிகரெட் பற்றவைக்கும் கருவியே எனத் தெரிந்தது என அப்பொலிசார் கூறுவர். இதனை வேடிக்கை என ஒதுக்கிவிடலாகாது. 2014 ஆம் ஆண்டிலே, கிளீவ்லாந்து நகரில், விளையாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் பொலிசாரின் குண்டுக்கு இரையானான். முன்கூட்டியே தெளிவாய்ப் பார்த்தறியும் ஒரு கண் அன்று இருந்திருப்பின், அத்தாய் தன் மகனை இழவாதிருந்திருக்கவும் கூடுமன்றோ?

ஆகவே இம்முறை பரவுவதில் வியப்பில்லை. விமானத்தை இயக்குவோர் அதனைத் தம் கண்ணெதிரிலேயே வைத்திருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டுப் பொதுவிதி. அவ்வெல்லையைக் கடந்து பறக்கவிடச் சூலா விஸ்ராவுக்குத் தனி அனுமதி கிடைத்தது. 2024 இல் நியூயோர்க் நகரமும் இம்முறையை மேற்கொண்டது. 2025 இல் அவ்வனுமதியைப் பெறும் வழியும் எளிதாக்கப்பட்டது.

எனினும், அழைத்தவர் வீட்டை அடையுமுன் விமானம் அழையாதவர் பலரின் வீடுகளைக் கடந்தே செல்லவேண்டும். கொல்லையிலே துணி உலர்த்தும் பெண்ணும் முற்றத்திலே விளையாடும் குழந்தையும் எக்குற்றமும் செய்தவர் அல்லரே! வறியவர் வாழும் பகுதிகளின் மேலேயே விமானங்கள் மிகுதியாய்ப் பறந்தன என்று 2024 இல் ஓர் அமெரிக்கச் சஞ்சிகை ஆராய்ந்து காட்டியது. அழைப்பு வரும் இடத்துக்கே விமானம் செல்கிறது என்பது பொலிசாரின் விடை. இரண்டும் உண்மையாகலாம். ஆயினும், உதவி நாடும் தேவை மிகுந்தவன் என்பதற்காக, ஏழை தன் வீட்டின் அந்தரங்கத்தை விலையாகக் கொடுக்கவேண்டும் என்பது நீதியாகாது.

அச்சஞ்சிகை இவ்வுண்மையை அறிந்தது எவ்வாறு? ஒவ்வொரு பறப்பையும், அது எங்கே, எப்பொழுது, எதற்காகச் சென்றது என்பதையும் சூலா விஸ்ராப் பொலிசாரே பொதுமக்களுக்கு வெளியிட்டு வருகின்றனர். இது பாராட்டுக்குரியது. ஆனால் ஒளிப்பதிவுகளைக் காட்ட நகராட்சி மறுத்தது. உள்ளூர்ப் பத்திரிகை வெளியீட்டாளர் ஒருவர் 2021 இல் வழக்குத் தொடுத்தார். அப்பதிவுகள் அனைத்தையும் புலன்விசாரணைக்கு உரியவை என்று ஒருமொத்தமாய் மறைத்தல் ஆகாது என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2023 இல் தீர்ப்பளித்தது.

இவ்விமானங்களை வேண்டாம் என்று நாம் கூறோம். ஆபத்தில் அழைப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் உயிர் போன்றது. ஆனால் விமானங்களின் தொகை பெருகுந்தோறும் அவற்றின் கணக்கும் வெளிப்படையாய்ப் பெருகவேண்டும். எதற்காகப் பறந்தது, எதைப் பதிந்தது, பதிந்ததை எப்பொழுது அழித்தது என்பவற்றைக் குடிமகன் கேட்டறியும் உரிமை சட்டத்தில் நிலைபெறுதல் வேண்டும். மக்களைப் பார்க்கும் கண்ணை மக்களும் பார்க்க இயலுமாயின் அது காவல். இயலாதாயின் அது வேவு.