முசுறுகள் நடத்தும் வேட்டை

அரூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில், மலையாளிப் பழங்குடியினர் சாமையும் கேழ்வரகும் விளைவிக்கும் சித்தேரியை அடைந்து, அங்குள்ள மாவிலோ பலாவிலோ பச்சிலைகளை வெண்பட்டால் பொருத்தினாற்போல் பந்து பந்தாகத் தொங்கும் கூடுகளைக் காண்போர், கை வைக்காமல் விலகிச் செல்வதே வழக்கம். அக்கூடுகளில் வாழும் முசுறு எறும்புகளின் கடி தரும் எரிச்சலைக் காய் பறிக்க மரமேறிய எவரும் லேசில் மறப்பதில்லை. ஆயினும், சற்றே தள்ளி நின்று பொறுமையோடு கவனிப்பவருக்கு, ஜீவராசிகள் கூடி வேட்டையாடும் விந்தையை இத்தனை அருகில் காட்டும் இடம் வேறில்லை என்பேன்.

அடிமரத்தில் ஒரு வெட்டுக்கிளி வந்து அமர்கிறது. வழியே போகும் முசுறு ஒன்று அதன் பின்னங்காலைக் கவ்வ, அது பரப்பும் வாசனையை உணர்ந்து அண்டையில் திரிபவை ஓடிவந்து, காலுக்கொன்றாகவும் மீசைக்கொன்றாகவும் பற்றி, பாதங்களை மரப்பட்டையில் அழுந்த ஊன்றி, திசைக்கொன்றாகப் பின்னோக்கி இழுக்கின்றன. முசுறுக்குக் கொடுக்கு கிடையாது. வலிய தாடைகளும், கடிவாயில் பீய்ச்சும் அமிலமுமே அதன் ஆயுதங்கள். தம்மினும் பன்மடங்கு பருத்த அந்தப் பிராணி கால்கள் விரிந்து அசைவற்றுப் போகும்வரை பிடியைத் தளர்த்தாமல் நின்று, பிறகு அதைச் செங்குத்தான மரத்தில் தூக்கிக்கொண்டு ஏறுகின்றன.

இவ்வளவு பிரயாசைப்பட்டுக் கொண்டுவந்த மாமிசத்தைக் கொண்டுவந்தவை உண்பதில்லை என்பதே என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த விஷயம். வளர்ந்த எறும்பின் தொண்டையில் திடப்பொருள் இறங்காது. செதில்பூச்சிகள் கசியவிடும் தித்திப்பு நீர் போன்ற திரவங்களே அதற்கு ஆகாரம். இரை, கூட்டுக்குள் வளரும் புழுக்களுக்குப் போகிறது. அப்புழுக்களை வாயில் ஏந்தி, அவை சுரக்கும் இழையைக் கொண்டே முசுறுகள் இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டுகின்றன.

வேட்டையாடிய இரையை இளங்குட்டிகளுக்கு விட்டுக்கொடுக்கும் சுபாவம் செந்நாய்களிடமும் உண்டு. நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங் 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் ஆராய்ந்த அவ்விலங்குகள், கூடித் துரத்தி வீழ்த்திய மானைக் குட்டிகள் முதலில் தின்ன இடம் விடுகின்றன. வளையை விட்டு வெளிவராத சிறு குட்டிகளுக்கு இரைப்பையிலிருந்து கக்கி ஊட்டுகின்றன. அந்தப் பிராணியைக் கொடியது என்று தீர்மானித்து, கொன்றவருக்கு வெகுமதி கொடுத்த காலமும் நம் நாட்டில் இருந்தது; நினைக்க வேதனையாகிறது.

முசுறுக்கோ சீனத்தில் நெடுநாளாகவே மதிப்புண்டு. கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கூறப்படும் அந்நாட்டு நூலொன்று, கிச்சிலி மரங்களைப் பூச்சிகளிடமிருந்து காப்பதற்காக முசுறுக்கூடுகள் சந்தையில் விலைக்கு வந்ததைச் சொல்கிறது. பிற்காலத் தோட்டக்காரர்கள், அவை மரம்விட்டு மரம் சென்று வேட்டையாடும்பொருட்டு, இடையே மூங்கில்களைப் பாலமாகக் கட்டியும் கொடுத்தனர்.