கடலடி யாருக்குச் சொந்தம்?

பட்டினப்பாக்கத்துத் தோழர்கள் சிலர் ஒரு பயணத்துக்குத் திட்டமிடுகிறார்கள். கோயில் குளத்துக்கு அல்ல. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அல்ல. கடலுக்குள் மூழ்கிப் பவளப் பாறைகளைக் கண்ணாரக் கண்டு வர வேண்டுமாம்! முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மூழ்குகிறார்களே, 'ஸ்கூபா' என்று, அதுதான்.

கேட்டதும் சிரிப்பார் உண்டு. வலை இழுப்பவன் வீட்டுப் பிள்ளைக்கும், பட்டறைத் தொழிலாளிக்கும் இது எதற்கு, சீமான் வீட்டுச் செல்வங்களின் பொழுதுபோக்கல்லவா இது என்பார்கள். நாம் கேட்கிறோம்: ஏன் கூடாது? கடலோரத்தில் பிறந்து, கடலோரத்தில் வளர்ந்து, 2004 டிசம்பர் 26 அன்று அதே கடல் சீனிவாசபுரத்துக் குடிசைகளுக்குள் புகுந்தபோது உற்றாரைப் பறிகொடுத்தவர்கள் பட்டினப்பாக்கத்து மக்கள். கடலின் கோபத்தைப் பார்த்தவன் அதன் அழகைப் பார்க்கக் கூடாதா? போகட்டும், கட்டாயம் போகட்டும். ஆனால் யாருடைய இடத்துக்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போகட்டும்.

எங்கே போவது? அந்தமான் என்கிறார் ஒரு தோழர். வண்டூரில் 1983ஆம் ஆண்டு முதல் கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. தெளிந்த நீர், நல்ல பவளம், எல்லாம் உண்மை. ஆனால் விமானத்தில் போனால் கை சுடும். கப்பலில் போனால் போகவே மூன்று நாளாகும். விடுப்புக் கணக்குப் பார்க்கும் தொழிலாளிக்கு அது தொலைதூரந்தான். (போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். கட்டணம் மட்டும் மாறவில்லை!)

நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது மன்னார் வளைகுடா. தூத்துக்குடி தொடங்கி இராமேசுவரம் வரை வரிசையாக 21 தீவுகள். 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அதையும் உள்ளடக்கி, 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் 1989இல் வந்தது. ஓர் இரவு ரயில் பயணத்தில் போய்ச் சேரலாம்.

ஆனால் படகை எடுத்துக்கொண்டு நினைத்த தீவில் இறங்க முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. வனத்துறையின் இசைவில்லாமல் பூங்கா எல்லைக்குள் நுழைவது குற்றம். பவளத் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாலும் குற்றம். கரையில் எவனாவது, "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், ஏறுங்கள்" என்று சொன்னால் நம்பாதீர்கள். மாட்டிக்கொள்வது படகுக்காரனும் நீங்களும்தான். எங்கே செல்லலாம், எங்கே கூடாது என்பதை வனத்துறை அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகு பயணச்சீட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. அத்தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்தில் பெரும்பகுதி ஆளுயரத் தண்ணீரிலும் அதற்குச் சற்றுக் கூடுதலான ஆழத்திலுமே இருக்கிறது. அதைப் பார்க்கச் சிலிண்டர் எதற்கு? முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போதும். செலவில் பெரும்பங்கு அங்கேயே மிச்சம்!

ஆழத்துக்குத்தான் போவோம் என்பவர்கள் முறையாகக் கற்றுக்கொண்டு போக வேண்டும். சென்னையிலும் புதுச்சேரியிலும் கற்றுத் தருகிறார்கள். பலரும் நினைப்பதுபோல் அந்தச் சிலிண்டரில் இருப்பது வெறும் ஆக்சிஜன் அல்ல. நாம் சுவாசிக்கும் இதே காற்றுத்தான், அழுத்தி அடைத்தது. பத்து மீட்டர் இறங்கினால் உடலின் மேல் அழுத்தம் இரு மடங்காகும். அந்த அழுத்தத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரையும். மெல்ல மேலே வந்தால் மூச்சு வழியே வெளியேறிவிடும். அவசரப்பட்டு மேலே பாய்ந்தால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் உடலுக்குள் குமிழ் கிளம்பும். மூட்டு வலி, மயக்கம், கைகால் முடக்கம், சாவு வரைக்கும் அது கொண்டுபோகும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலே கிழியும். ஆகவே, நீந்தத் தெரியும் என்ற வீறாப்பு இங்கே செல்லாது. ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதில் சீழ் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இறங்கவே கூடாது. முதல் நிலைச் சான்றிதழ் பெற்றவர் 18 மீட்டருக்கு மேல் ஆழம் போகக் கூடாது.

இந்த விதிகளையெல்லாம் படித்தபோது நம் நெஞ்சில் தைத்தது வேறொன்று. பொழுதுபோக்குக்கு மூழ்குகிறவனுக்கு மானி உண்டு, ஆசான் உண்டு, மருத்துவச் சீட்டு உண்டு. பிழைப்புக்கு மூழ்குகிறவனுக்கு என்ன உண்டு?

தூத்துக்குடிக்கு ஓடுகிற ரயிலுக்கு 'முத்துநகர்' என்று பெயர். அந்த முத்தை எடுத்தவன் யார்? காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி, பாரில் இறங்கிய தொழிலாளி. மேலே கயிறு பிடித்து நிற்கும் கூட்டாளியின் கையில்தான் அவன் உயிர். சுறாவை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லிப் பங்கு வாங்கிக்கொள்ளக் 'கடல்கட்டி' என்றொருவன் வேறு! வெள்ளையர் ஆட்சியில், 1900களின் தொடக்கத்தில், இலங்கைக் கரையில் நடந்த முத்துக்குளிப்புக்கு நம் கரையிலிருந்து போனார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. மிச்சம் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசியார் கழுத்தில் முத்து. குளித்தவன் காதில் இரத்தம். தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றது.

சங்குக்குளிப்பு நிற்கவில்லை. வங்காளத்துப் பெண்கள் அணியும் சங்கு வளையலுக்குச் சங்கு நம் கடலிலிருந்தும் போகிறது. படகிலே கம்பிரசர் ஓடும்; அதிலிருந்து நீளும் குழாயைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். ஆழம் காட்டும் மானி இல்லை, நேரம் காட்டும் கருவி இல்லை; எஞ்சின் புகை குழாய்க்குள் புகுந்தாலும் கேட்பாரில்லை. நைட்ரஜன் குமிழ் இவனுக்கும் அவனுக்கும் ஒன்றுதானே? சீமான் மகனை முடக்குவது கூலிக்காரனை விட்டுவிடுமா?

பெண்களின் கதையையும் கேளுங்கள். இராமநாதபுரம் கரையோரப் பெண்கள் பாசி எடுக்கிறவர்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு பாறை இடுக்கில் மூழ்கி எழுவார்கள். சிலிண்டர் ஏது, ஒரே மூச்சுத்தான். பூங்கா வந்தபின் அவர்களின் பாட்டன் பூட்டன் போய்வந்த தீவுகள் விலக்கப்பட்ட இடங்களாயின. அதற்காகக் கடலைச் சுரண்டினார்களா? இல்லை. மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தமக்குத் தாமே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளைக் காப்போருக்கான சீகாலஜி பரிசு 2015இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

பாதுகாப்பே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டி வெட்டி ஏற்றினார்கள். பவளம் போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு தீவுகள் நீருக்கடியில் போயின. சீனிவாசபுரத்தில் மணலைக் கடல் அரித்துக்கொண்டு போவதைப் பார்க்கிறவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு வெப்பம். நீர் சூடேறினால் பவள உயிர் தன்னுள் வாழும் நுண்பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துப் போகிறது. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் பெருமளவில் அப்படி நேர்ந்தது. காவல் வேண்டும், ஆனால் காவல்காரனாக யாரை வைப்பது என்பதில்தான் வழக்கு. பாசி எடுக்கும் அம்மாவைத் துரத்திவிட்டு, காமிராவோடு வரும் பயணிக்கு வழிகாட்ட வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவருவது எந்த ஊர் நியாயம்?

அரசு மனம் வைத்தால் செய்யலாம். மீனவ இளைஞர்களுக்கு அரசுச் செலவில் மூழ்குப் பயிற்சி, தீவு வழிகாட்டி வேலையில் அக்கரையோர ஊர்களுக்கே முதலுரிமை, சங்குக்குளிப்போருக்கு மானியும் மருத்துவமும். இவை கேட்கக் கூடாத கோரிக்கைகளா?

பட்டினப்பாக்கத்துத் தோழர்களுக்கு இனி ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் கலங்கலும். ஆனி, ஆடியில் காற்று. முத்துக்குளித்தவர்கள் தேர்ந்தெடுத்த மாசி, பங்குனியே உங்களுக்கும் உகந்தது. படகு பேசும்போது அந்த ஊர் மீனவரிடமே பேசுங்கள், நியாயமான கூலி கொடுங்கள். பவளத்தின் மேல் நங்கூரம் போட விடாதீர்கள். காலும் படவேண்டாம், உயிருள்ள பிராணி அது. பத்துப் பேர் சேர்ந்தால் செலவு குறையும். மாதம் சிறுதொகையாகச் சீட்டுக் கட்டத் தொடங்கினால், வருகிற மாசிக்குள் கையில் பணம் இருக்கும்.