வீட்டைச் சுமக்கும் அந்துப்பூச்சி

செம்பனை மட்டையைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? சில நேரம் ஓலையின் அடியில் காய்ந்த சருகுத் துண்டுபோல் ஏதோ தொங்கும். நீளம் அரை அங்குலம்கூட இராது. சருகுதானே என்று விட்டுவிடாதீர்கள். சற்றுப் பொறுத்துப் பாருங்கள். அது மெல்ல நகரும்!

அதுதான் பைப்புழு. மலாய்க்காரர்கள் 'ஊலாட் பூங்குஸ்' என்பார்கள். அறிவியலார் இட்ட பெயர் மெட்டிசா பிளானா. புழு என்றாலும் இது ஓர் அந்துப்பூச்சியின் இளம்பருவமே.

முட்டையைவிட்டு வந்ததும் வாயிலிருந்து நூல் இழுத்து, ஓலைத் துணுக்குகளை ஒட்டிப் பை கட்டிக்கொள்ளும். வளர வளரப் பையும் வளரும். போகுமிடமெல்லாம் வீட்டையும் இழுத்துக்கொண்டே போய், தலையை மட்டும் நீட்டி ஓலையைச் சுரண்டித் தின்னும்.

பருவம் வந்ததும் ஆண், தவிட்டு நிறச் சிறகோடு பறந்து வரும். பெண்ணின் கதையே வேறு! அதற்குச் சிறகுமில்லை, காலுமில்லை. பையைவிட்டு வெளியே வருவதுமில்லை. அதன் வாடையை மோப்பம் பிடித்து ஆண் தேடி வரும். பெண் பைக்குள்ளேயே 100 முதல் 300 முட்டைவரை இட்டு, அங்கேயே உயிரை விடும். குட்டிப்புழுக்கள் நூலில் தொங்கிக் காற்றோடு அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

'இதனால் நமக்கென்ன?' என்கிறீர்களா? புழு பெருகினால் மட்டைகள் தீய்ந்தாற்போல் காயும், குலை குறையும், குலை குறைந்தால் வெட்டுக்காரர் கூலியும் குறையும். 2013-இல் மலேசிய அரசு இதை ஆபத்தான பூச்சியாக அரசிதழில் அறிவித்தது.

மருந்தடித்தால் தீர்ந்ததா? 1960-களில் பிரையன் வுட் என்ற பூச்சியியலார் நம் நாட்டுத் தோட்டங்களில் ஆராய்ந்து கண்டது வேறு. எல்லாப் பூச்சியையும் கொல்லும் கடும் மருந்தை அடித்த இடங்களில், புழுவைக் கொல்லும் சிறு குளவிகளும் மடிந்தன. பிறகு புழு முன்னைவிட அதிகமாகப் பெருகியது.

அந்தக் குளவிகளுக்குத் தேன் கொடுக்கத்தான் பல தோட்டங்களில் சாலையோரம் மஞ்சள் பூப் பூக்கும் காசியாச் செடியை நட்டிருக்கிறார்கள். புல் வெட்டும்போது அதைக் களையென்று வெட்டிவிடாதீர்கள். மட்டையில் பைகள் தென்பட்டால் அன்றே மண்டோரிடம் சொல்லுங்கள். புழு சிறிதாக இருக்கும்போது அடக்குவது எளிது. மட்டை காய்ந்தபின் வருந்திப் பயனில்லை.