வழவழப்பின் வைத்தியம்

தென்னாட்டுக் கடற்கரையோர மணற்பாங்கிலே, மஞ்சட்பூவும் நான்கு பக்கமும் முள்நீட்டிய காயுமாய், எவரும் விதைக்காமலே முளைத்துக் கிடக்கிற ஆனைநெருஞ்சிலைப் பச்சையாகப் பிடுங்கி, ஒரு பாத்திரம் குளிர்ந்த நீரில் இட்டுச் சிறிது நேரம் கலக்கி எடுத்துவிட்டால், நிறமும் ருசியும் மாறாமலே அந்த ஜலம் முட்டையின் வெண்கருவைப் போலத் தடித்துக் கம்பியாய் இழுபடும். நீர்மோரைக் கெட்டிமோராகக் காட்டி விற்க இந்த வித்தையைக் கையாண்ட சமர்த்தர்களும் முற்காலத்தில் உண்டு. வைத்தியர்களோ நீர்க்கடுப்புக்கு இதையே ஔஷதமாகக் கொடுத்தார்கள்.

சர்க்கரை மூலக்கூறுகள் ஏராளமாக ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலிகளாகி, நீரைத் தம்மோடு பிணைத்துக்கொள்வதே இந்த வழவழப்பு. வெண்டைக்காய், துத்தியிலை, வெந்தயம், சப்ஜா விதை எல்லாவற்றிலும் இருப்பது இந்த இனத்துப் பொருள்தான். நம் ஜீரண ரசங்களால் இதை உடைக்க முடியாதாகையால், இது இரத்தத்தில் கலப்பதில்லை. ஸ்பரிசித்த இடத்திலேயே வேலை செய்கிறது. புண்பட்ட தொண்டையின்மேல் மெல்லிய ஏடாகப் படிந்து, காற்றும் உணவும் உராயாமல் மறைத்து, இருமலைத் தூண்டும் நரம்பு முனைகளைச் சற்றே அடக்குகிறது. புண்ணை ஆற்றுவது என்னவோ சரீரத்தின் சொந்தக் காரியம்.

குஜராத், ராஜஸ்தான் ராஜ்யங்களில் விளைகிற இசப்கோல் என்னும் செடியின் விதை உமியும் இந்த வழவழப்பு இனந்தான். அது குடலிலே நீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குவதோடு, பித்தநீரின் அமிலங்களையும் வெளியே கொண்டுபோய்விடுகிறது. அவற்றை மறுபடி உண்டாக்க ஈரல் இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை எடுத்துக்கொள்ள நேர்வதால், அதன் அளவும் ஓரளவு குறைகிறது. இருதய நோயின் அபாயத்தை இந்த உமி குறைக்கலாம் என்று விற்பனைக்காரர்கள் சொல்லிக்கொள்ள அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1998-இல் அனுமதித்தது.

ஆனால் இரத்தத்தில் கலவாத ஒரு பொருள் மூத்திரப்பையின் எரிச்சலைத் தணிப்பது எப்படி? வழவழப்பு நேரே அங்கு சென்று பூசிக்கொள்கிறது என்பது யுக்திக்குப் பொருந்தாத பேச்சு. ஆனைநெருஞ்சிலோடு சேர்த்துக் குடிக்கிற நீர் சிறுநீரை நீர்க்கச் செய்து கடுப்பைக் குறைக்கிறது என்பதும், மூலிகையின் வேறு சத்துக்களுக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்பதும் என் அபிப்பிராயம். கடுப்போடு காய்ச்சலும் கண்டால் டாக்டரிடம் போவதே உசிதம்.

இசப்கோல் உண்பவர்கள் ஒரு தம்ளர் நிறைய நீரில் கலந்து, ஊறவிடாமல் உடனே குடித்துவிட வேண்டும். நீர் போதாவிட்டால் அது தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். விழுங்குவதில் சிரமமுள்ளவர்கள் இதைத் தொடாதிருப்பதே நல்லது. மற்ற மருந்துகள் உடம்பில் சேருவதையும் இது தாமதப்படுத்தக்கூடுமாதலால், அவற்றுக்கும் இதற்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விட்டுச் சாப்பிடுங்கள்.