ஒரு பிடி சோறு உடம்பில் சேரும் வழி

மனித செரிமான மண்டலம் என்பது, உண்ட உணவை மிகச் சிறு துகள்களாக உடைத்து, தேவையானதை இரத்தத்தில் சேர்த்து, மிச்சத்தை வெளியேற்றும் உறுப்புகளின் தொகுதி. வாயில் தொடங்கி ஆசனவாயில் முடியும் ஒரே நீண்ட குழாய் இதன் முதன்மைப் பகுதி. உமிழ்நீர்ச் சுரப்பிகள், கல்லீரல், பித்தப்பை, கணையம் ஆகியவை அந்தக் குழாய்க்குத் துணை நிற்பவை.

புதுச்சேரியின் கிராமப்புறக் கொம்யூன்களில் பாகூரும் வில்லியனூரும் வயல் சார்ந்தவை. பாகூர் ஏரியும் ஊசுட்டேரியும் அங்கேதான் இருக்கின்றன. பாகூருக்குப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்ற பெயரும் உண்டு. அந்த வயலில் விளைந்த அரிசிச் சோற்றை, சாம்பாரும் ஒரு முட்டையும் சேர்த்து, பள்ளியில் மதியம் சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சோற்றில் மாவுச்சத்து இருக்கிறது. பருப்பிலும் முட்டையிலும் புரதம், தாளித்த எண்ணெயில் கொழுப்பு. மூன்றும் ஒரே வழியில் போகின்றன, ஆனால் உடைபடும் இடங்கள் வேறு வேறு.

விழுங்கிவிட்டால் உணவு உடம்புக்குள் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உளுந்து வடையின் ஓட்டையில் ஒரு மிளகை வைத்துப் பாருங்கள். மிளகு வடைக்கு நடுவில் இருக்கிறது, ஆனால் வடைக்குள் இல்லை. குடலில் இருக்கும் சோறும் அப்படித்தான். குடலின் சுவரைக் கடந்து இரத்தத்தில் சேர்ந்த பிறகே அது உங்களுடையது. செரிமானம் என்ற வேலை முழுவதும் அந்தச் சுவரைக் கடப்பதற்கான ஏற்பாடு.

வாயும் தொண்டையும்

குழம்பு ஊற்றாத வெறுஞ்சோற்றை ஒரு வாய் போட்டு, விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள். மெல்ல இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி, மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியை வெட்டி மால்டோஸ் என்ற சர்க்கரையாக்குவதால் வரும் இனிப்பு அது. நொதி என்பது உணவை வெட்டும் வேலையை விரைவாக்கும் ஒரு புரதம். ஒரு நாளில் ஏறக்குறைய 1 முதல் 1.5 லிட்டர் உமிழ்நீர் நமக்குச் சுரக்கிறது. பற்களின் பங்கும் பெரிது. சோற்றை நன்றாக அரைத்தால்தான் நொதி எல்லாப் பக்கமும் படும்.

தொண்டையில் காற்றுக்கும் உணவுக்கும் வழி பிரிகிறது. விழுங்கும்போது குரல்வளை மூடி என்ற சிறிய மடல் காற்று வழியை மூடிக்கொள்ளும். சாப்பிடும்போதே பேசிச் சிரித்தால் மூடி தாமதமாகிப் புரை ஏறும். யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவார்கள். தட்டுவதால் பயன் ஏதுமில்லை, இருமல்தான் வழியைச் சுத்தம் செய்கிறது.

உணவுக்குழலின் தசைகள் மேலிருந்து கீழாக அலை அலையாகச் சுருங்கி உணவைத் தள்ளுகின்றன. இது கீழே விழுவதல்ல, தள்ளப்படுவது. அதனால்தான் தலைகீழாக நின்று விழுங்கினாலும் உணவு இரைப்பைக்கே போகும். (செய்து பார்க்க வேண்டாம்.) புளியங்கொட்டையை விழுங்கிவிட்டால் வயிற்றில் மரம் முளைக்கும் என்ற பயமும் தேவையில்லை. கடினமான அதன் தோலை நம் நொதிகளால் உடைக்க முடியாது. பெரும்பாலும் அது வந்தபடியே வெளியே போய்விடும்.

இரைப்பை

இரைப்பை ஒரு தசைப் பை. அதன் சுவர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பெப்சின் என்ற நொதிக்கு மூலமான பொருளையும் சுரக்கிறது. முட்டையின் புரதம் முதலில் உடைபடத் தொடங்குவது இங்கே. உணவோடு வந்த கிருமிகளில் பலவற்றை அந்த அமிலம் கொன்றுவிடும். அமிலம் இரைப்பையையே அரிக்காமல் இருப்பதற்கு உட்சுவரில் வழவழப்பான சளிப்படலம் பூசியிருக்கிறது.

இரைப்பைக்குள் நடப்பதை மனிதன் நேரில் பார்த்த கதை விசித்திரமானது. 1822இல் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் துப்பாக்கிக் குண்டால் காயம்பட்டார். உயிர் பிழைத்தார், ஆனால் வயிற்றில் ஏற்பட்ட துளை மூடவே இல்லை. அவருக்கு மருத்துவம் பார்த்த வில்லியம் பியூமான்ட், உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டித் துளை வழியாக உள்ளே விட்டு, சிறிது நேரம் கழித்து இழுத்துப் பார்ப்பார். இரைப்பை உணவை அரைப்பதோடு நிற்பதில்லை, சாற்றால் வேதி மாற்றமும் செய்கிறது என்று 1833இல் நூலாக எழுதினார். அறிவியலுக்குப் பெரிய லாபம்தான். நூலில் கட்டப்பட்ட இறைச்சியைச் சுமந்து நின்றவருக்கு அது எவ்வளவு தொல்லையாக இருந்திருக்கும் என்பதையும் நினைக்க வேண்டும்.

சிறுகுடல்

சில மணி நேரத்தில் கூழாகிவிட்ட உணவு, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் இறங்குகிறது. உண்மையான வேலை நடப்பது இங்கேதான். கல்லீரலில் உண்டாகும் பித்தநீர், எண்ணெயைச் சிறு துளிகளாகச் சிதறடிக்கும். எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்யும் வேலையைப் போன்றது அது. கணையத்தின் சாறு மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையுமே வெட்டும். மாவுச்சத்து குளுக்கோஸாகவும், புரதம் அமினோ அமிலங்களாகவும், கொழுப்பு கொழுப்பு அமிலங்களாகவும் மாறுகின்றன.

சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம் என்று பாடநூல்கள் சொல்லும். அதன் உட்சுவர் முழுவதும் குடலுறிஞ்சிகள் என்ற விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் அடர்ந்திருக்கின்றன. அவற்றின் மேல் இன்னும் நுண்ணிய நீட்சிகள் உண்டு. இந்தப் பரப்பு டென்னிஸ் மைதானம் அளவு என்று பழைய நூல்களில் படித்திருப்பீர்கள். அண்மை அளவீடுகள் சுமார் 30 சதுர மீட்டர் என்கின்றன. அதுவே ஒரு வகுப்பறையின் பரப்புக்கு நெருக்கமானது. குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் இந்தச் சுவரைக் கடந்து இரத்தத்தில் கலந்து முதலில் கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பு நிணநீர்க் குழாய்கள் வழியாகச் சுற்றுப்பாதையில் போகிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நாம் ஒரு நாளில் குடிப்பதும் உணவில் வருவதுமான நீர் சுமார் 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையச் சாறு என உடம்பே குடலுக்குள் விடுவது சுமார் 7 லிட்டர். இந்த 9 லிட்டரில் பெரும்பகுதியைச் சிறுகுடல் திரும்ப இழுத்துக்கொள்கிறது. எஞ்சியதில் பெரும்பாலானதைப் பெருங்குடல் உறிஞ்சிவிட, மலத்தோடு போவது அரை டம்ளர் போலத்தான்.

பெருங்குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை புளிக்க வைக்கின்றன, வைட்டமின் கே கொஞ்சம் தருகின்றன. வயிற்றில் வாயு சேர்வதும் பெரும்பாலும் அவற்றின் வேலை.

கணக்கு தவறும்போது

2022 ஜூலையில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் வாந்திபேதி பரவியது. சிலருக்குக் காலரா உறுதியாக, அங்கே பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது.

காலராக் கிருமியின் நச்சு, சிறுகுடலின் சுவரை உப்பையும் நீரையும் உள்ளிருந்து வெளியே கொட்ட வைக்கிறது. உறிஞ்ச வேண்டிய சுவர் ஒழுகும் சுவராகிவிடுகிறது. சில மணி நேரத்திலேயே உடம்பு வற்றி உயிருக்கு ஆபத்து வரலாம். வெறும் தண்ணீர் குடித்தால் போதாது, உப்புத் தண்ணீரும் போதாது. ஆனால் சுவரில் ஒரு வாசல் மட்டும் அப்போதும் திறந்தே இருக்கிறது. அதில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்துதான் நுழையும், தண்ணீர் அவற்றின் பின்னால் வரும். இந்த இணைப்பை 1960இல் ராபர்ட் கிரேன் விளக்கினார். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில், ஊசி வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்த நெருக்கடியில், மருத்துவர் திலீப் மகலாநபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து ஏராளமானோரைக் காப்பாற்றினார்.

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதுதான். 1 லிட்டருக்கான பொட்டலத்தை, காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். பாதித் தண்ணீரில் கரைப்பதும் இனிப்புக்காகச் சர்க்கரை கூட்டுவதும் பேதியை அதிகமாக்கும். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கண் உள்வாங்கினாலோ, சிறுநீர் வராவிட்டாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 2000இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மேலே சொன்ன பெருங்குடல் நுண்ணுயிர்களையும் இதில் சேர்த்துக்கொண்டது. சிறுகுடலில் எளிதில் செரிக்காத ஒருவகை மாவை ஓ.ஆர்.எஸ். நீரில் கலந்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அது பெருங்குடல் வரை போய்ச் சேர, நுண்ணுயிர்கள் அதைக் கொழுப்பு அமிலங்களாக மாற்றின. அவை உப்பையும் நீரையும் உறிஞ்சப் பெருங்குடலைத் தூண்டின. பேதியும் குறைந்தது.

குடற்புழுக்கள் வேறுவிதமாகத் திருடுகின்றன. உருளைப்புழு உண்ட உணவில் பங்கு கேட்கும். கொக்கிப்புழு சுவரைக் கவ்வி இரத்தத்தையே குடிக்கும். அதன் குஞ்சுகள் ஈர மண்ணில் வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே வருகின்றன. அதனால் வயல்வெளிப் பிள்ளைகளுக்குச் செருப்பும், ஊருக்குக் கழிவறையும் செரிமானத்தோடு சேர்ந்த விஷயங்கள்தான். 2015இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள்களான பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகியவற்றை ஒட்டி, பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை தருவார்கள். அதை அப்படியே விழுங்காமல் மென்று சாப்பிட வேண்டும்.