ஏரிக்கரையில் கலங்கரை விளக்கங்கள்: கம்ப்யூட்டரில் பயணத் திட்டம் போடுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கூகுள் மேப்ஸைத் திறந்ததும் முதலில் தங்கள் வீட்டைத் தேடுவார்கள். அடுத்து இரண்டு ஊர்களுக்கு இடையே வழி கேட்பார்கள். திரையில் ஒரு நீலக் கோடு வரும். திட்டம் தயார் என்று நினைத்துவிடுவோம். ஆனால் அந்தக் கோடு காட்டுவது சீக்கிரம் போய்ச் சேரும் வழியைத்தான். வேடிக்கை பார்த்துக்கொண்டே போகும் பயணத்துக்கு அது போதாது. நமக்கு என்ன வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். எப்படி என்று ஒரு உண்மையான பயணத்தை வைத்தே பார்ப்போம்.

நான் சிகாகோவில் வேலை பார்க்கிறேன். அம்மாவும் அப்பாவும் கோடையில் வந்திருந்தபோது, மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள கலங்கரை விளக்கங்களைப் பார்த்தபடி வடக்கே மேக்கினா சிட்டி வரை காரில் போகத் திட்டமிட்டேன். கையில் இருந்தது நான்கு நாள் விடுப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி. அதிக தூரம் நடக்க முடியாது. இருவரும் மறுபடி எப்போது சேர்ந்து வர முடியும் என்று சொல்வதற்கில்லை. எனவே போகும் இடமெல்லாம் அம்மாவும் இறங்கிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே என் முதல் நிபந்தனை.

ஏரியில் எதற்குக் கலங்கரை விளக்கம் என்று கேட்கலாம். மிச்சிகன் ஏரியின் நீளம் சுமார் 494 கி.மீ. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. சரக்குக் கப்பல்கள் இன்றும் ஓடுகின்றன. அமெரிக்காவிலேயே அதிகக் கலங்கரை விளக்கங்கள் உள்ள மாநிலம் மிச்சிகன்தான்.

படி 1: இடங்களைக் குறியுங்கள்

முதலில் பட்டியல் தேவை. அமெரிக்கக் கடலோரக் காவல் படை 'லைட் லிஸ்ட்' என்ற நூலை பிடிஎஃப் வடிவில் இலவசமாகத் தருகிறது. அதன் ஏழாவது தொகுதி பேரேரிகளுக்கானது. விளக்குகளின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதில் இருக்கின்றன.

எண்கள் பாகை, நிமிடம், விநாடி என்று இருந்தால் நிமிடத்தை 60ஆலும் விநாடியை 3600ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டுங்கள். பிக் சேபிள் பாயிண்ட் விளக்கத்துக்கு 44.058, -86.514 என்று வரும். இதை அப்படியே மேப்ஸின் தேடல் பெட்டியில் டைப் செய்யலாம். மைனஸ் குறி முக்கியம். மேற்குத் தீர்க்கரேகைக்கு அது கட்டாயம். அதை விட்டுவிட்டால் மேப் உங்களைச் சீனாவின் ஷின்ஜியாங் பகுதிக்குக் கொண்டுபோய்விடும்!

படி 2: கோட்டை வளையுங்கள்

சிகாகோவிலிருந்து மேக்கினா சிட்டிக்கு வழி கேட்டால், கிராண்ட் ராபிட்ஸ் வழியாக உள்நாட்டிலேயே கூட்டிப் போகும். ஏறத்தாழ ஆறு மணி நேரம். வழியில் ஏரியைப் பார்ப்பதே அரிது.

இதை மாற்ற, இடையில் நிற்கும் இடங்களைச் சேர்க்க வேண்டும். கூகுள் மேப்ஸ் ஒரு வழிக்கு, தொடக்கத்தையும் சேர்த்து, பத்து இடங்களை ஏற்கும். அதனால் ஒரு நாளுக்கு ஒரு வழி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கோட்டை மௌஸால் இழுத்தும் வளைக்கலாம். ஆனால் வழியில் உள்ள சிற்றூர்களையே இடங்களாகச் சேர்ப்பது நல்லது. உதாரணமாக, மனிஸ்டீ அருகில் தொடங்கி டிராவர்ஸ் சிட்டியில் முடியும் எம்-22 சாலை 116 மைல் நீளம். கரையோரமாக வளைந்து வளைந்து போகும் அழகான சாலை. சும்மா வழி கேட்டால் மேப் இதைத் தவிர்த்துவிடும். ஃபிராங்ஃபர்ட், கிளென் ஆர்பர், லீலண்ட், நார்த்போர்ட் ஆகிய ஊர்களை வரிசையாகச் சேர்த்ததும் கோடு எம்-22க்கு வந்துவிட்டது.

படி 3: சாட்டிலைட் படத்தில் சரிபாருங்கள்

இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். ஹாலண்ட் ஊரின் 'பிக் ரெட்' விளக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதுள்ள கட்டடம் 1907-ல் வந்தது. சிவப்பு வண்ணம் 1956-ல் பூசப்பட்டது. துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலுக்கு வலப்பக்கம் இருப்பது சிவப்பாக இருக்க வேண்டும் என்பது விதி. இந்த விளக்கம் கால்வாயின் தென்கரையில் இருக்கிறது. அங்கே போகும் வழி தனியார் நிலத்தில் உள்ளது. வடகரையில் உள்ள ஹாலண்ட் ஸ்டேட் பார்க்கில் நின்றால் எதிரே முழுதாகத் தெரியும். எனவே விளக்கத்தின் பெயரை அல்ல, பார்க்கின் பெயரைத்தான் திட்டத்தில் கொடுக்க வேண்டும்.

அடுத்து பிக் சேபிள். 1867-ல் கட்டப்பட்ட 112 அடி உயரக் கோபுரம், கறுப்பு வெள்ளைப் பட்டைகளுடன் மிக அழகாக இருக்கும். பட்டியலில் அதைத்தான் முதலில் எழுதியிருந்தேன். சாட்டிலைட் படத்தில் பார்த்தால் கார் நிறுத்தும் இடம் வெகு தூரத்தில் இருந்தது. மேப்பில் ரைட் கிளிக் செய்து, தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, பாதை நெடுக கிளிக் செய்து பார்த்தேன். போக 1.8 மைல், வர 1.8 மைல். உள்ளே 130 படிகள். குறிப்பிட்ட சில நாட்களில் பேருந்து விடுவது வழக்கம் என்றாலும், எங்கள் தேதியில் அது இல்லை.

எங்களில் ஒருவர் காரிலேயே காத்திருக்க வேண்டிய இடம் வேண்டாம் என்று முடிவு செய்து அதை நீக்கினேன். அந்த நேரத்தை பாயிண்ட் பெட்சிக்குக் கொடுத்தேன். 1858-ல் கட்டிய அந்த விளக்கத்தின் அருகிலேயே சாலை முடிகிறது. அம்மா சில அடிகள் நடந்தாலே ஏரியும் விளக்கமும் கண்முன்னே.

படி 4: எக்செல்லில் நேரக் கணக்கு

எக்செல்லைத் திறந்து இடம், சேரும் நேரம், தங்கும் நிமிடம், அடுத்த ஊருக்குப் பயண நிமிடம், நடக்கும் தூரம், குறிப்பு என்று ஆறு பத்திகள் போடுங்கள். எக்செல் ஒரு நாளை 1 என்று எண்ணுகிறது. ஒரு நாளில் 1440 நிமிடங்கள். எனவே தங்கும் நிமிடத்தையும் பயண நிமிடத்தையும் கூட்டி, 1440ஆல் வகுத்து, சேரும் நேரத்தோடு சேர்த்தால் அடுத்த ஊரை அடையும் நேரம் கிடைக்கும். ஒரு வரிசையில் எழுதிய ஃபார்முலாவைக் கீழே இழுத்துவிட்டால் நாள் முழுவதும் தயார்.

ஒரு எச்சரிக்கை. சிகாகோவிலிருந்து மிச்சிகனுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போய்விடும். முதல் பயணத்தில் 60 நிமிடம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். காலை 6.30க்குக் கிளம்பி, செயின்ட் ஜோசப், சவுத் ஹேவன், ஹாலண்ட், கிராண்ட் ஹேவன் பார்த்துவிட்டு லிட்டில் சேபிள் சேரும்போது என் அட்டவணையில் மாலை 4.15. அந்த 60ஐச் சேர்க்காவிட்டால் 3.15 என்று காட்டும். கோபுரம் 5 மணிக்கு மூடுவதாக இருந்தால் இந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம். ஆறுதலான செய்தி: ஜூன் இறுதியில் லடிங்டனில் சூரியன் மறைய இரவு 9.30 ஆகும். இருட்டுவதற்கு முன் தங்கும் இடம் சேர்ந்துவிடலாம்.

குறிப்பு என்ற பத்தியில் திறக்கும் நாட்களையும் நுழைவுக் கட்டணத்தையும் எழுதுங்கள். மிச்சிகன் ஸ்டேட் பார்க்குகளில் காருக்குத் தனி பாஸ் வேண்டும். எத்தனை பார்க் வருகிறது என்று எண்ணினால் ஒரு நாள் பாஸா, ஆண்டு பாஸா எது லாபம் என்று தெரிந்துவிடும்.

படி 5: கிளம்பும் முன்

முந்தைய நாள் இரவு அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் அலை நிலவரம் பாருங்கள். சவுத் ஹேவன், கிராண்ட் ஹேவன் விளக்கங்கள் தண்ணீருக்குள் நீளும் கான்கிரீட் பாலத்தின் முனையில் இருக்கின்றன. காற்று பலமாக இருந்தால் அலை பாலத்தின் மேலே ஏறி ஆளை இழுத்துவிடும். அன்று கரையிலிருந்தே பார்ப்பது நல்லது.

கரையோரத்தில் சில இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. கூகுள் மேப்ஸில் அந்தப் பகுதியை ஆஃப்லைன் மேப்பாக டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். எக்செல் அட்டவணையை இரண்டு பிரின்ட் எடுத்து ஒன்றைக் காரில் வையுங்கள்.

மேக்கினா சிட்டியில் கடைசியாகப் பார்ப்பது ஓல்ட் மேக்கினா பாயிண்ட். 1957-ல் பக்கத்தில் மேக்கினா பாலம் திறந்ததும், பாலத்தின் விளக்குகளே கப்பல்களுக்கு வழிகாட்டியதால் இதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பயணத்தை முடிக்கப் பொருத்தமான இடம்.

இந்த முறை எந்த ஊருக்கும் பொருந்தும். அடுத்த விடுமுறைக்கு எங்கே போவதாக இருந்தாலும் முதலில் எக்செல்லில் ஆறு பத்திகளைப் போடுங்கள். 'நடக்கும் தூரம்' என்ற பத்தியை மட்டும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நிரப்புங்கள். அது எந்த மேப்பிலும் கிடைக்காது.